மறுகா என்று கேட்டவள்

ஆரணி குசினி மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

ஆரணி என் மகள். ஏழரை வயது. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே பெரிய வெறும் பெட்டி.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"மை ஃபர்ஸ்ட் மெமரி. முதல் ஞாபகம், அப்பா. அதைக் கீற வேணும்."

எட்டிப் பார்த்தேன். வெள்ளை வான் வண்டி. மேலே ஏணி. முன் கண்ணாடியில் மழைக் கோடுகள். உள்ளே இரண்டு தலை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரிய தலைக்குத் தொப்பி.

"இது ஆர், நானா?"

"ஓம். மற்றது நான். மழை பெய்தது. சிப்ஸ் சாப்பிட்டனாங்கள். உங்கட கையில ப்ளூ பெயின்ற்."

அந்த வானை நான் வாங்கும்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. அதற்கு முன் என்னிடம் வான் இல்லை. பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

"இதுக்கு முந்தி ஒண்டும் இல்லையோ?"

பென்சிலைக் கடித்தாள். யோசித்தாள். சும்மா இல்லை, உண்மையாகத்தான் யோசித்தாள்.

"இல்லை."

"அம்மா?"

"ஐ டோன்ற் ரிமெம்பர் ஹேர், அப்பா."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐ ஆம் சொறி," என்றாள்.

"பரவாயில்லை. மேசையைத் துடை. சாப்பிடுவம்," என்றேன். கையில் வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஏழாம் நாள் நிற்கட்டும்

போன கிழமை இந்தத் தொடரில் எங்கள் படகுப் பயணத்தை, கடலில் ஆறாம் நாளோடு நிறுத்தினேன். ஏழாம் நாளை இந்தக் கிழமை எழுத இருந்தேன். அது அங்கேயே நிற்கட்டும். இதை முதலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இதையும் எழுதாமல் விட்டுவிடுவேன்.

வனஜா என் மனைவி. இறந்துபோய்விட்டாள். அப்போது ஆரணிக்கு மூன்று வயதும் சில மாதமும்.

இந்தத் தொடரில் இவ்வளவு நாளும் அவளைப் பற்றி நான் எழுதவில்லை. சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். பதில் போடவில்லை.

கடைக்காரப் பெட்டை

வனஜா மட்டக்களப்பு. நான் முல்லைத்தீவு. அவள் வேறு படகில் வந்தவள். எனக்குப் பின்னால் சில மாதம். நாங்கள் சந்தித்தது இந்த நாட்டுக்கு வந்த பிறகு, பென்டில் ஹில்லில், ஒரு பலசரக்குக் கடையில். அவள் அங்கே அரிசி நிறுத்துப் பை கட்டுவாள்.

நான் கதைக்கிற ஆள் இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. கதையும் அதோடு நின்றது என்று அண்ணன் பகிடி பண்ணுவான். கடைக்குப் போவேன். சாமானைக் காட்டுவேன். வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் வனஜா பையைத் தராமல் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு வாய் இருக்கா, இல்லாட்டி படகுல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இருக்கு," என்றேன்.

"மறுகா?"

எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை. பிறகு என்றுதான் சொல்லுவோம். அவர்களுடைய ஊரில் பிறகுக்கு மறுகா. அதைக் கேள்வியாகக் கேட்கும்போது கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்குவாள். தலையையும் ஒரு பக்கம் சரிப்பாள்.

"மறுகா எண்டா என்ன?"

"ஆ, கதைக்கிறார்! மறுகா எண்டா, நிப்பாட்டாம சொல்லுங்க எண்டு அர்த்தம்."

அப்படித்தான் அவள் என்னைக் கதைக்க வைத்தாள். நான் ஒன்று சொல்லுவேன். மறுகா என்பாள். இன்னொன்று சொல்லுவேன். மறுகா. படகைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்குச் சொன்னேன். "வந்தம்" என்றேன். மறுகா. "தண்ணி முடிஞ்சுது." மறுகா. நீங்கள் வாசிக்கிற இந்தத் தொடர் முழுக்க அப்படி வந்ததுதான்.

கோயிலில் கலியாணம். ஒன்றரை வருடத்தில் ஆரணி.

சிவப்பு மூடி, மஞ்சள் மூடி

ஆரணிக்குச் சோறு தீத்துவது பெரிய வேலை. வனஜா பிள்ளையை ஜன்னலுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு கதை சொல்லுவாள். பேய்க் கதை, ராசா கதை இல்லை. ஜன்னலால் தெரிகிறதைத்தான் சொல்லுவாள். தெரிகிறது குப்பைத் தொட்டிகள். சிவப்பு மூடித் தொட்டியை லொறி ஒவ்வொரு கிழமையும் எடுக்கும், மஞ்சள் மூடித் தொட்டியை இரண்டு கிழமைக்கு ஒரு தரம்.

"சிவப்பு மூடிக்காரி கிழமைக்குக் கிழமை ஊர் பார்க்கப் போறா. மஞ்சள் மூடிக்காரிக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான். அவவுக்குக் கோவம் வராதா?"

"மறுகா?"

இது ஆரணி. இரண்டரை வயது. தாய் போலவே இழுத்து, தாய் போலவே தலையைச் சரித்துக் கேட்பாள்.

"மறுகா, ஒரு நாள் எல்லாரும் நித்திரை. மஞ்சள் மூடிக்காரி மெதுவா வந்து சிவப்பு மூடியைக் களவெடுத்துத் தலையில போட்டுக்கிட்டா."

"மறுகா?"

நான் மற்ற அறையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருப்பேன். கேட்டும் கேட்காமலும் இருப்பேன். ஒவ்வொரு நாளும் அதே கதை. நாளைக்கும் சொல்லுவாள்தானே என்று இருந்தேன்.

பயந்து போடும்

வயிற்று வலி என்று போனாள். புற்றுநோய் என்றார்கள். நாலு மாதம். அதை எழுதப் போவதில்லை.

இதை மட்டும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அவள் பிள்ளையைக் கொண்டு வரச் சொல்லிக் கேட்டாள். ஒரு தரம் கொண்டுபோனேன். ஆரணி கட்டிலில் ஏறி இருந்து தாயின் தட்டில் இருந்த பச்சை ஜெலியைச் சாப்பிட்டாள். தாய் கரண்டியால் தீத்தினாள். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கொண்டுபோகவில்லை. மூக்கில் வயர், கையில் வயர். பிள்ளை பயந்து போடும் என்று நினைத்தேன். மலர் அன்ரியும் அதையே சொன்னார்.

மலர் அன்ரி கீழ் வீட்டில் இருக்கிறவர். யாழ்ப்பாணம். தனி ஆள். வனஜா படுத்த நாளில் இருந்து ஆரணியை அவர்தான் பார்க்கிறார். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போயிருக்க முடியாது. இதில் அவர் மேல் குற்றம் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு, முடிந்த அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, பிள்ளைக்கு முன்னால அவவைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அழவும் வேண்டாம். சின்னப் பிள்ளைதானே. கெதியா மறந்திடும்."

"ஓம் அன்ரி."

"படத்தையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கோ. பார்க்கப் பார்க்கத்தான் ஏங்கும்."

படத்தை எடுத்து அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்தேன். கதைக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலையா? அதில்தான் நான் கெட்டிக்காரன்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் படகில் ஒரு பெண் பிள்ளை வந்தது. மூன்று வயது. அது கடலில் கண்டதை எல்லாம் நானும் கண்டேன். பல வருடம் கழித்துக் கோயிலில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். உயர்ந்து வளர்ந்துவிட்டது. "படகு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். "ஒண்டுமே இல்லை அங்கிள்" என்று சிரித்தது. எனக்கு அன்றைக்கு நல்ல சந்தோசம். மறதி கடவுள் கொடுத்த மருந்து என்று நினைத்தேன். என் பிள்ளைக்கும் அதைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஆரணி மறக்கவில்லை. முதல் ஒரு வருடம் அவள் ஒன்றையும் மறக்கவில்லை. இதை நான் இப்போதுதான் ஒழுங்காக யோசிக்கிறேன்.

"அம்மா பச்சை ஜெலி தந்தவ," என்பாள்.

"ம்."

"அம்மாவின்ர காப்பு என்ர தலைமயிருல கொழுவினது. நான் கத்தினனான்."

"ம்."

"சிவப்பு மூடிக்காரி எங்க போறா?"

ரீவியைப் போட்டுவிடுவேன்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நான் கை நீட்டவில்லை. கொஞ்ச நாளில் நீட்டுவதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நல்லது என்று நினைத்தேன்.

பிறகு என்று சொல்லு

நாலரை வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ, ரீச்சர் வாசலில் மறித்தார். நல்ல மனிசி.

"அண்ணை, பிள்ளை நல்லாக் கதைக்குது. ஒரு சொல்லை மட்டும் திருத்த வேணும். 'மறுகா, மறுகா' எண்டுது. மற்றப் பிள்ளையள் சிரிக்கினம். வீட்டில 'பிறகு' எண்டு சொல்லிப் பழக்குங்கோ."

அது தாயின் சொல் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. ரீச்சர் விளங்கிக்கொண்டிருப்பார்.

"ஓம் ரீச்சர்," என்றேன்.

வானில் வரும்போது சொன்னேன். "மறுகா எண்டு சொல்லாதை. பிறகு எண்டு சொல்லு."

"ஏன்?"

"அதுதான் சரி."

பின் சீற்றில் பெல்ற்றை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா அப்பிடித்தான் சொல்லுறவ."

"அம்மா பிழையாச் சொன்னவ," என்றேன்.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அது பிழையான சொல் இல்லை. எனக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோரும் சொல்லுகிற சொல். பிள்ளையின் வாயில் இருந்து அந்தச் சொல் வரும்போது எனக்குக் கேட்க ஏலாமல் இருந்தது. அதுதான் உண்மை. ரீச்சர் ஒரு சாட்டு.

ஆரணி கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் மாற்றிவிட்டாள். பிறகு, பிறகு என்று சொன்னாள். ரீச்சர் ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டார்.

இந்தத் தொடரைத் திருத்துகிறவருக்கு ஒரு வேண்டுகோள். என் எழுத்துப் பிழையை எல்லாம் திருத்துகிறீர்கள். நன்றி. இந்த ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டாம்.

கெல்லிவில் வீட்டுச் சுவர்

ஆரணி சொறி சொன்ன அந்தக் கிழமை, கெல்லிவில்லில் ஒரு வீட்டுக்குள் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு ஆட்கள். அந்த அம்மா பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர். என்னைவிட வயது குறைவு. அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

மகனுடைய அறைச் சுவரில் கிரேயோனால் ஒரு கிறுக்கல். தரையில் இருந்து என் முழங்கால் உயரம் வரை. ஊதாவும் சிவப்பும்.

கிரேயோன் மெழுகு. அதற்கு மேலே நேராக அடித்தால் பெயின்ற் பிடிக்காது. எத்தனை தரம் அடித்தாலும் கீழே இருந்து வந்துகொண்டே இருக்கும். முதலில் துடைக்க வேண்டும். கறை மேலே வராமல் அடைக்கிற அடிப்பூச்சு, அண்டர்கோட், அடிக்க வேண்டும். பிறகுதான் நிறம். இது பெயின்ற்காரர் எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் கோப்பி கொண்டுவந்து தந்தார்.

"அதை அழிச்சுடுங்க அண்ணா. ரெண்டு வயசுல வரைஞ்சது. இப்ப அவனுக்கு ஆறு ஆகப்போகுது. தான்தான் வரைஞ்சோம்னே தெரியாது. நான் சொன்னா, நீதான்மா வரைஞ்சேங்கிறான்!"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏன் தெரியாமப் போகுது?" என்று கேட்டேன்.

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் கேள்வி அது. நாலு நாளாக ஓம், இல்லை என்பதோடு சரி. அவர் நின்று பார்த்தார்.

"எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் அண்ணா. உங்களுக்கு ரெண்டு வயசுல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"எனக்கும் இல்ல. நடந்ததைச் சேர்த்து வைக்கிற இடம் ஒண்ணு மூளைக்குள்ள இருக்கு. இங்க, காதுக்கு உள்பக்கமா. சின்னதா வளைஞ்சிருக்கும், கடல்குதிரை மாதிரி. பொறக்கும்போது அது முழுசா ரெடியா இருக்காது. முதல் சில வருஷம் வேகமா வளர்ந்துக்கிட்டே இருக்கும். புதுசு புதுசா செல் வரும், புது இணைப்பு வரும். அந்த வேகத்துல பழைய இணைப்பு கலைஞ்சு போகுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்ப சின்னப் பிள்ளையள் ஒண்டையும் பிடிச்சு வைக்கிறேல்லையா?"

"வைக்கும் அண்ணா. நல்லாவே வைக்கும். மூணு வயசுக் குழந்தை ஆறு மாசம் முன்னாடி நடந்ததைக்கூடச் சொல்லும். அது போறது அப்புறம்தான். ஆறு, ஏழு, எட்டு வயசுல பார்த்தா, சின்ன வயசுது ரொம்ப உதிர்ந்திருக்கும்."

"எல்லாமா?"

"எல்லாமே இல்ல. திரும்பத் திரும்பப் பேசினது நிக்க வாய்ப்பு ஜாஸ்தி. அன்னைக்கு பீச்சுக்குப் போனோமே, என்ன பாத்தே, அப்புறம் என்ன ஆச்சுன்னு வீட்ல கேட்டுக்கிட்டே இருந்தா, குழந்தை அதை வார்த்தையாக் கோத்து வச்சுக்கும்."

"கதைக்காமல் விட்டால்?"

டொக்டர் சுவரை விட்டு என்னைப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணா?"

சொன்னேன். ஜெலி, காப்பு, குப்பைத் தொட்டி, தமிழ்ப் பள்ளிக்கூடம். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். நுனி காய்ந்துவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போனது படம் படமாத் திரும்பி வராது அண்ணா. வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஓம்."

"நீங்க பேசியிருந்தாலும் எல்லாமே நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. அதையும் மனசுல வச்சுக்கங்க."

"ஓம்."

"ஆனா ஒண்ணு. நாம நடக்கக் கத்துக்கிட்டது நமக்கு ஞாபகம் இல்ல. நடக்கிறோம்ல? அது வேற இடத்துல இருக்கு. தூக்கினது, கொஞ்சினது, பேசின விதம், அதெல்லாம் தெரியாமலே உள்ள கொஞ்சம் கிடக்கும். எது இருக்கு, எது இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க இப்ப சொல்லுங்க. அவளுக்கு அது ஞாபகமா இருக்காது, கதையாத்தான் இருக்கும். கதையாவது இருக்கட்டுமே."

பிறகு எழுந்து போனார். போனைக் கொண்டுவந்து சுவர்க் கிறுக்கலைப் படம் பிடித்தார். கிட்ட நின்று ஒன்று, தள்ளி நின்று ஒன்று.

"இப்ப அடிங்க," என்றார்.

துடைத்தேன். அண்டர்கோட் அடித்தேன். காய விட்டேன். இரண்டு பூச்சு அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அண்ணனின் தோள்

வரும் வழியில் ஒன்று யோசித்தேன்.

எனக்கு ஒரு பழைய ஞாபகம் உண்டு. அண்ணன் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் நடக்கிறான். அவனுடைய ஈரத் தலைமயிரை நான் பிடித்திருக்கிறேன். அவ்வளவு தெளிவு. பெரியவனான பிறகு அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அது நீ இல்லையடா, உன்ர அக்கா. நீ அப்ப பிறந்து ஒரு மாசம்."

வீட்டில் அந்தக் கதையை அவ்வளவு தரம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு நான் அதை என்னுடையதாக ஆக்கிவிட்டேன். இன்றைக்கும் அந்த ஈரம் என் கையில் இருக்கிறது. பொய்தான். ஆனால் இருக்கிறது.

வனஜாவின் போன் ஒன்று வீட்டில் கிடக்கிறது. வீடியோ எல்லாம் அதற்குள். திறக்கிற இலக்கம் எனக்குத் தெரியாது. அவள் இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. கடையில் கொடுத்தேன். திறக்கப் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். திருப்பி வாங்கி வந்துவிட்டேன்.

ஆகவே கதை நான்தான் சொல்ல வேண்டும். என்னைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை.

மஞ்சள் மூடிக்காரி

ஆரணியைக் கூட்டிவர மலர் அன்ரி வீட்டுக்குப் போனேன். பிள்ளை உள்ளே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இண்டைக்குத் தாயின்ர படத்தை எடுத்து வைக்கப் போறன். கதைக்கவும் போறன்."

"இப்ப ஏன் தம்பி கிளறுறியள்? பிள்ளை நல்லாத்தானே இருக்குது."

"அவள் எனக்குச் சொறி சொன்னவள் அன்ரி. தாயை ஞாபகம் இல்லை எண்டு, என்னட்டச் சொறி சொன்னவள்."

அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தானே உங்களுக்குச் சொன்னனான்," என்றார்.

"நீங்கள் சொல்லாட்டியும் நான் கதைச்சிருக்க மாட்டன்."

அது அவரைத் தேற்றச் சொன்னதில்லை. உண்மை.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். படத்தைத் துடைத்து மேசையில் வைத்தேன். ஆரணி பார்த்தாள். ஒரு புது ஆளைப் பார்ப்பது போல்தான் பார்த்தாள். இதை ஒளிக்க மாட்டேன்.

"ஷீ இஸ் பிரிற்றி," என்றாள்.

"ஓம்."

ஜன்னலால் பார்த்தேன். அடுத்த நாள் குப்பை எடுக்கிற நாள். தொட்டிகள் வெளியே நின்றன. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள்.

"உனக்குச் சோறு தீத்தேக்க அம்மா ஒரு கதை சொல்லுறவ."

"எனக்கா?"

"உனக்குத்தான். இஞ்சை வா, ஜன்னலுக்குக் கிட்ட இரு."

கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தாள். சொன்னேன். சிவப்பு மூடிக்காரி கிழமைக்குக் கிழமை ஊர் பார்க்கப் போகிறாள். மஞ்சள் மூடிக்காரிக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தரம்தான். அவளுக்குக் கோபம்.

"தட்ஸ் நொற் ஃபெயார்," என்றாள் ஆரணி. "பிறகு?"

கதையை நிறுத்தினேன்.

"பிறகு எண்டு கேக்காதை."

"ஏன்? அதுதானே சரி?"

"அதுவும் சரி. மற்றதும் சரி. நீ சின்னனில மறுகா எண்டுதான் கேக்கிறனி. அது அம்மாவின்ர சொல். நான்தான் பிழை எண்டு சொல்லி நிப்பாட்டினனான். அம்மா பிழையாச் சொல்லேல்லை. அப்பா பொய் சொன்னனான்."

இவ்வளவு நீளமாக நான் அவளோடு கதைத்தது இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுகா," என்றாள். ஆங்கிலச் சொல்லைப் போல, தட்டையாக. வாய்க்குள் வைத்துப் பார்க்கிறது போல இன்னொரு தரம் சொன்னாள். அவளுக்கு அது புதுச் சொல். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி என்று கதையைச் சொன்னேன். எல்லோரும் நித்திரை. மஞ்சள் மூடிக்காரி மெதுவாக வருகிறாள். சிவப்பு மூடியைக் களவெடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாள். விடிந்துவிட்டது. லொறிக்காரன் வந்துவிட்டான்.

அதோடு எனக்கு முடிந்துவிட்டது. மிச்சம் தெரியாது. ஒவ்வொரு நாளும் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். வளர்ந்து முடிந்த ஆள். மூளை முழுக்க வளர்ந்த ஆள். லொறிக்காரன் என்ன செய்தான் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பள்ளிக்கூடத் தாள் மேசையில் கிடந்தது. வானும் ஏணியும் மழையும். அதை அவள் மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. முதல் ஞாபகம் அதுதான் என்றால் அதுதான்.

ஆரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையை ஒரு பக்கம் சரித்தாள்.

"மறுகாஆ?"

கடைசி எழுத்தை இழுத்தாள். இழுத்து மேலே தூக்கினாள்.

நான் சொல்லிக்கொடுக்கும்போது இழுக்கவில்லை. எனக்கு அப்படி இழுக்க வராது.

எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பாள். திரும்பவும் சொறி சொல்லுவாள்.

லொறிக்காரன் என்ன செய்தான் என்று நானே கட்டிச் சொல்லத் தொடங்கினேன்.